பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஹோம் தியேட்டர்

மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. டிவி, சோபா, ஃப்ரிட்ஜ், அயர்ன் பண்ண வேண்டிய துணி மூட்டை எல்லாம் அதற்குள்தான். தீபாவளி போனஸில் அந்த வீட்டுப் பையன் ஒரு 5.1 ஹோம் தியேட்டர் செட் வாங்கி வந்து இறக்கினான். அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதையெல்லாம் எங்கடா வைக்கப் போற?"

ஸ்பீக்கர் வாங்குகிற ஒவ்வொருவரும் கடைக்குப் போவதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. யாரும் கேட்பதில்லை.

செட்டோடு வந்த புத்தகத்தில் படம் இருந்தது. பெரிய ரூம், நடுவில் சோபா, சுற்றி ஐந்து ஸ்பீக்கர், ஓரமாக ஒரு சப்வூஃபர். ஃப்ரிட்ஜ் இல்லை, பால்கனிக் கதவு இல்லை, "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்லும் ஹவுஸ் ஓனரும் இல்லை (அந்த ரூமில் ஒரு நிச்சயதார்த்தமே நடத்தலாம்!). ஐ.டி.யூ. சொல்லும் கணக்குப்படி, முன் ஸ்பீக்கர் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து ஆளுக்கு 30 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 டிகிரியில், அதாவது காதுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால். இந்த ஹாலில் டிவி இருக்கும் சுவரில் 3 அடியை பெட்ரூம் கதவு தின்றுவிட்டது. ஸ்பீக்கர்களுக்கு நடுவே 6 அடிதான் கிடைத்தது. சோபா எதிர்ச்சுவரை ஒட்டி இருந்ததால் 30 டிகிரிக்குப் பதில் 17, 18தான் தேறியது.

பையன் விடவில்லை. இடது சரவுண்டைக் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டான். வலது சரவுண்ட் ஃப்ரிட்ஜ் மேலே. சென்டர் ஸ்பீக்கர் டிவி ஷோகேஸின் உள்தட்டில். சப்வூஃபர் மூலையில். காசு கொடுத்து வாங்கியதை மூலையில் போட மனசு வருமா? நம்ம பி.காம். மக்களுக்கு 'சங்க் காஸ்ட்' பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் ராத்திரியே பிரச்சினை. அப்பாவுக்கு வலது காது மந்தம். பல வருஷமாக அவர் சீட் சோபாவின் இடது ஓரம். நன்றாகக் கேட்கிற அந்த இடது காதுக்கு இரண்டடி தள்ளித்தான் காலண்டர் ஆணி ஸ்பீக்கர். படத்தில் மழை பெய்தால் அவருக்கு மழை மட்டும்தான் கேட்டது. "என்னடா சொல்றான் அவன்?" என்று ஒவ்வொரு சீனுக்கும் கேட்டார். பையன் வால்யூமை ஏற்றினான். கீழ் வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். "எங்காத்துப் பாத்திரமெல்லாம் ஆடறதுடா கொழந்தே."

அப்பா நாலாம் நாளிலிருந்து டிவி பார்ப்பதையே விட்டுவிட்டு பேப்பரோடு பால்கனிக்குப் போய்விட்டார். கேட்டால், "நீங்க பாருங்கடா" என்றார். அதற்குப் பிறகுதான் பையனுக்கு உறைத்தது.

சப்வூஃபரில் ஆரம்பித்தான். மூலையில் வைத்தால் அடிச்சத்தம் ஊதிப் பெருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு ரூமுக்கும் சொந்த ரீங்காரம் உண்டு. 12 அடி நீளத்துக்கு சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு சுமார் 56. அந்தச் சத்தம் சுவரோரம்தான் அதிகம் குவியும். சோபாவும் சுவரோரம்! வழி என்னவென்றால், சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் உட்காரவைத்து, ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து போய் எங்கே சத்தம் 'தொம் தொம்' என்று மொத்தையாக இல்லாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்க வேண்டும். ("என்னடா தொலைச்ச?" இது அம்மா.) சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் எங்கே வைத்தாலும் படத்துக்குப் பாதகமில்லை. டிவிக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே ஒரு இடம் அமைந்தது.

அடுத்தது சென்டர். 5.1 படங்களில் வசனத்தில் பெரும்பகுதி அது வழியாகத்தான் வருகிறது. அதைப் போய் அலமாரிக்குள் தள்ளினால் பானைக்குள் பேசுகிற மாதிரிதான் இருக்கும். தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் அடியில் ஒரு அழிரப்பரைக் கொடுத்து, காதைப் பார்த்து லேசாக நிமிர்த்தினான். மெனுவில் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினான். நைட் மோடையும் போட்டான். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுக்க வேண்டும் என்றான். துணி காயப்போட வழி வேண்டும் என்றார் அம்மா. பேரம் பேசி ஒரு அடியில் முடிந்தது.

கடைசியாக சரவுண்ட். மனசே இல்லாமல் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினான். ஒன்று கவனிக்க, ஒயரை மட்டும் பிடுங்கினால் பின்னால் போகிற சத்தம் அப்படியே காணாமல் போகும். மெனுவில் 'சரவுண்ட் இல்லை' என்று மாற்றினால் அதுவும் முன் ஸ்பீக்கர்களில் கலந்து வரும். 5.1 இப்போது 3.1. காலண்டர் தன் ஆணிக்குத் திரும்பியது.

அப்பாவை சோபா நடுவுக்கு வரவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டு ஓரத்திலேயே உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ராத்திரி நியூஸுக்கு அவராகவே நடுவில் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் எதுவும் கேட்கவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டார்.

"டேய், சவுண்டைக் கொஞ்சம் குறை. கீழ மாமி தூங்கியிருப்பா."