எட்டரைக்கு விடியும் ஊர்

ஸ்பெயினின் தென்கரையில் இருக்கும் மாலகாவில், அக்டோபர் நடுவில் சூரியன் தலைகாட்டக் காலை எட்டரை ஆகிவிடுகிறது. ஏழு மணிக்குக் கும்மிருட்டு. மதுரையில் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இது பெரிய சோதனை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகளிடம் வந்திருந்த அவர், “வெயிலைப் பார்த்து நாளாச்சு” என்று சொல்லப்போய் மகள் தேர்ந்தெடுத்த ஊர் அது. வந்திறங்கிய மறுநாள் அதிகாலையில் ஹோட்டல் அறைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டார்: “ஏண்டி, இந்த ஊர்ல பொழுதே விடியாதா?”

கேள்வி நியாயமானது. வரைபடத்தில் ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே கிடக்கிறது. 1940 வரை கிரீன்விச் நேரத்தைத்தான் அந்த நாடு பின்பற்றியது. அந்த ஆண்டு மார்ச்சில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, பெர்லின் நேரத்தோடு சேர்த்துவைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் யாரும் அதைப் பின்னுக்குத் திருப்பவில்லை. கோடைகாலத்துக்குக் கூட்டும் ஒரு மணி நேரமும் சேர்ந்தால், மாலகாவின் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. மதுரையில் இந்த வித்தியாசம் பதினேழு நிமிடம்தான். ஸ்பெயின்காரர்கள் இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட உட்காருகிறார்கள் என்று உலகமே ஆச்சரியப்படுகிறது. சூரியனைக் கேட்டால் அப்போது மணி ஏழு, ஏழேகால் என்றுதான் சொல்லும்.

இந்தக் கணக்கு அம்மாவுக்குப் பிடித்துப்போனது. அறை பிடிக்கவில்லை.

பதிவு செய்தபோது பார்த்த படத்தில் இரும்புக் கம்பி போட்ட பால்கனி இருந்தது. கீழே சின்னச் சதுக்கம், ஆரஞ்சு மரங்கள். கிடைத்த அறையின் ஜன்னலோ ஓ.டி.எஸ்.ஸைப் பார்த்துத் திறந்தது. பழைய நகரத்துக் கட்டடங்களின் நடுவே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் இப்படி மேலே திறந்த ஓர் இடம் விட்டிருப்பார்கள். எதிர்ச்சுவரில் ஏ.சி. யூனிட்டுகள் வரிசையாகத் தொங்கின. கொடியில் ஈர மேசைவிரிப்புகள். கழுத்தை வெளியே நீட்டினால்தான் வானம். குளியலறை பளிச்சென்று இருந்தது, மெத்தையும் நல்ல மெத்தை. ஆனால் வெந்நீர் வைக்க ஒரு கெட்டில்கூட இல்லை. காலை உணவு எட்டு மணிக்கு மேல்தான். அதிலும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கேக், இயந்திரத்தில் இறங்கும் பழச்சாறு.

வரவேற்பில் இருந்த பெண், படம் ஹோட்டலுக்குப் பொதுவானது, குறிப்பிட்ட அறைக்கு உரியது அல்ல என்றார். மகள் விடவில்லை. பதிவுச் சீட்டில் ‘பால்கனி அறை’ என்றிருந்த வரியைக் காட்டி ஆங்கிலத்தில் வாதாடினாள். பிறகு அலைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாக ஸ்பானியத்திலும் வாதாடினாள். மறுநாள் மாலை பால்கனி அறை தருவதாக ஒப்புக்கொண்டார்கள். காசு வாங்கும்போது ஓர் அறையைக் காட்டிவிட்டுச் சாவி கொடுக்கும்போது வேறோர் அறையைக் கொடுப்பது எந்த ஊரிலும் தப்புதான். அந்த ஹோட்டல் மீது கடைசிவரை அவளுக்கு இருந்த வருத்தம் அதுதான்.

இரவுப் பணியாளர் வேறு மாதிரியான மனிதர். ஐம்பது வயதிருக்கும். அம்மா விடியுமுன் சால்வையைப் போர்த்திக்கொண்டு எவர்சில்வர் ஃபிளாஸ்க்கோடு கீழே இறங்கிப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஃபிளாஸ்க்கைப் பார்த்ததுமே அவர் எழுந்துபோய்ப் பூட்டியிருந்த பாரைத் திறந்து, காபி இயந்திரத்தைப் போட்டு, அது சூடேறும்வரை காத்திருந்தார். முதலில் கொஞ்சம் வெந்நீர் பிடித்து, ஃபிளாஸ்க்கைக் குலுக்கிக் கொட்டினார். பிறகு கழுத்துவரை நிரப்பி, மூடியின் மரையைத் துணியால் துடைத்துத் திருகி, இரண்டு கையாலும் நீட்டினார். “பாத்திரத்தைப் புழங்கத் தெரிஞ்ச மனுஷன்” என்று அம்மா மேலே வந்து சொன்னார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

காபிக்குத் தெருமுனைக் கடை. மாலகாவில் “ஒரு காபி” என்று மொட்டையாகக் கேட்டால் போதாது. பாலுக்கும் காபிக்கும் என்ன விகிதம் என்று சொல்ல வேண்டும். சுத்தக் காபி சோலோ, பாதிக்குப் பாதி மித்தாத், பால் தூக்கலாக இருந்தால் சோம்ப்ரா, காபி பேருக்குத்தான் என்றால் நூபே. அரசியல் சாசனச் சதுக்கத்தில் இருந்த கஃபே சென்ட்ரல் இந்த வகைகளை ஓட்டுச் சித்திரமாகவே சுவரில் பதித்து வைத்திருந்தது. அந்தக் கடை 2022 தொடக்கத்தில் மூடப்பட்டது. பழக்கம் ஊரெங்கும் உயிரோடு இருக்கிறது. “டிகாக்ஷன் கணக்குதானே, இதுல என்ன இருக்கு?” என்று அம்மா விரலால் டம்ளரில் அளவு காட்ட, கடைக்காரர் தலையசைத்து மித்தாத் போட்டுக் கொடுத்தார். கூடவே பிதூஃபோ: உள்ளங்கை அளவு ரொட்டியை வாட்டி, துருவிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தடவியது. ஹோட்டலின் காலை உணவு பக்கம் இருவரும் அதற்கப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பால்கனி அறை கிடைத்தது. சாயங்காலம் அழகாகத்தான் இருந்தது. ஒன்பதுக்கு மேசைகள் நிறைந்தன. பதினொன்றுக்குக் குழந்தைகள் பந்து விளையாடினார்கள். நள்ளிரவில் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். இரண்டு மணிக்கு அலுமினிய நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டார்கள். பிறகு காலிப் பாட்டில்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம். பிறகு தெருக்கழுவும் வண்டி. அம்மா கண்மூடவில்லை. “மதுரைக்கே தூங்கா நகரம்னு பேரு. ஆனா நம்ம ஊரு ராத்திரியில வேலை செய்யும். இவங்க ராத்திரி முழுக்கப் பேசறாங்களே!”

அடுத்த இரவு அறையில் கிடந்து புழுங்குவதற்குப் பதில் இருவரும் கீழே இறங்கி, தங்கள் பால்கனிக்கு நேர்கீழே ஒரு மேசையைப் பிடித்தார்கள். இறைச்சி இல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு வந்தது வறுத்த கத்தரிக்காய். விரல் நீளத்துக்கு வெட்டி, மாவில் புரட்டி, ஆலிவ் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, மேலே கறுப்பாக ஏதோ பாகு ஊற்றியிருந்தார்கள். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு நிறுத்தினார். பாகை மட்டும் ஸ்பூனில் வழித்து நக்கிப் பார்த்தார். “இது வெல்லப்பாகுடி.”

ஏறக்குறைய அதேதான். மாலகாவுக்குக் கிழக்கே மலைச்சரிவில் ஃப்ரிகிலியானா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஆலையில் இன்றும் கரும்புச்சாற்றை இப்படிப் பாகாகக் காய்ச்சுகிறார்கள். ஐரோப்பிய நிலப்பரப்பில் இந்தத் தொழிலில் மிஞ்சியிருக்கும் ஆலை அது. கரும்புச்சாற்றைச் சர்க்கரையாக்கும் வித்தை இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் போய், அரபியரோடு இந்தக் கடற்கரைக்கு வந்தது. கத்தரிக்காயும் ஆசியாவில் விளைந்து அதே அரபியர் கையால் மேற்கே போன காய்தான். 1487 வரை மாலகா முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. ஆட்சி போய் ஐந்து நூற்றாண்டு கடந்தும் காயும் பாகும் ஒரே தட்டில் பிரியாமல் இருக்கின்றன. இன்னொரு தட்டு வாங்கினார்கள். அம்மா பேச ஆரம்பித்தார்: கல்யாணமான புதிதில் அவர் மாமியார் கத்தரிக்காயில் வெல்லம் போட்டுப் புளிக்கொத்சு வைத்தது, அதற்காக வீட்டில் நடந்த சண்டை, மகள் கேட்டேயிராத கதைகள். பக்கத்து மேசையில் பாட்டி, மகன், பேரன் மூன்று தலைமுறையும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தது. எழுந்தபோது மணி பன்னிரண்டரை.

அப்போதுதான் எதிர் பால்கனியில் தொங்கிய துணிப் பதாகை மகளின் கண்ணில் பட்டது. எங்களுக்கும் தூங்கும் உரிமை உண்டு என்று கையால் எழுதியிருந்தது. அந்தக் கட்டடத்தின் கதவருகே எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. சுற்றுலா வாடகைக்கு விடும் வீடுகளின் அடையாளம் அது. பதாகை கட்டியவர் அங்கே மிஞ்சியிருக்கும் சிலரில் ஒருவராக இருக்க வேண்டும்.

அன்றிரவு மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு இரவுப் பணியாளரிடம் பதாகையைப் பற்றி மகள் கேட்டாள். அவர் பிறந்தது இதே பழைய நகரத்தில்தான். வாடகை கட்டுப்படியாகாமல் வெளியே போய்ப் பல வருடமாகிறது. இப்போது முதல் பேருந்தில் வீடு திரும்புகிறார். 2024 ஜூன் 29 அன்று வீட்டு வாடகைக்கும் கட்டுமீறிய சுற்றுலாவுக்கும் எதிராக மாலகாவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள், அவரும் போயிருக்கிறார். 2025 ஜனவரியில் நகராட்சி 43 பகுதிகளில் புதிய சுற்றுலா வீடுகளுக்குப் பதிவு தருவதை நிறுத்தியது. “ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே எதிர்ப்பு ஊர்வலமா?” என்று மகள் கேட்டாள். ஹோட்டலுக்கு யாரும் எதிரியில்லை, ஊரில் ஊர்க்காரர்களும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். சொல்லிவிட்டு அம்மாவின் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு பார் பக்கம் போனார்.

மீதி இரவுகளுக்கு அவர்கள் பழைய அறையையே திரும்பக் கேட்டு வாங்கினார்கள். ஓ.டி.எஸ். பக்கம் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி.

திரும்பும் விமானத்தில் ஹோட்டலுக்கு மதிப்புரை எழுதும்போதுதான் இருவருக்கும் தகராறு. அறைப் படம் பொய் என்பதிலும், இரவுப் பணியாளரைப் பாராட்ட வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. சத்தத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றார் அம்மா. “நாமளும்தான் பன்னண்டரை வரைக்கும் அங்க உக்காந்து கதை பேசினோம்.” மகள் ஒப்பவில்லை. கைக்குழந்தையோடு வருபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். பதாகை கட்டியவரும் எழுதத்தான் சொல்வார் என்றாள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும்வரை வாதம் முடியவில்லை. வீட்டுக்கு வந்து மகள் சத்தத்தையும் சேர்த்தே எழுதினாள். அம்மா அந்தப் பத்தியைப் படிக்க மறுத்துவிட்டு, கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னார்.