உப்பளத்தில் கேமரா: ஓர் ஆவணப்பட மாணவரின் களப்பாடம்

சுற்றுச்சூழலையும் உழைக்கும் மக்களின் வாழ்வையும் ஒரே படத்தில் சொல்ல முனையும் ஆவணப்பட மாணவருக்கு, தூத்துக்குடி மாவட்டத்தில் முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை, தருவைக்குளம் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடக்கும் உப்பளங்களை விடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் அரிது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியான உப்பைத் தரும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பகுதி இம்மாவட்டத்தில்தான் விளைகிறது. நெல்லைப் போலவே உப்பையும் ‘விளைகிறது’ என்றே இவ்வூர்களில் சொல்கிறார்கள். வெயில், காற்று, மழை, நிலத்தடி நீர் ஆகிய நான்கில் எது மாறினாலும் அன்றைய கூலி மாறிவிடும் தொழிலுக்கு அந்தச் சொல்லே தக்கது.

களத்துக்கு வரும் மாணவர் முதலில் கற்க வேண்டியது உப்பு விளையும் முறையைத்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீரையோ, தூத்துக்குடியில் பெரிதும் வழக்கமாகிவிட்டபடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கப்படும் உவர்நீரையோ பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்றவிட்டு, அதன் அடர்த்தியைப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். இவ்வடர்த்தியைக் குறிக்கும் போமே என்னும் அளவையை அளத்தில் ‘டிகிரி’ என்றே வழங்குகிறார்கள். ஏறத்தாழ 3 டிகிரியில் தொடங்கும் நீர், வழியில் ஜிப்சத்தைப் படியவிட்டு, 25 டிகிரியை எட்டும்போது உப்பாக உறையத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, விளைச்சல் கசந்து ஈரம் கட்டும் என்பதால், அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இதற்கெல்லாம் முன்பாகப் பாத்தியின் தரை நீரை உறிஞ்சாதபடி நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்க வேண்டும். ‘பாத்தி மிதித்தல்’ எனப்படும் அவ்வேலையைப் படம் பிடிக்காமல் வெள்ளை உப்பை மட்டும் காட்டும் படம், உழைப்பின் முதல் பாதியை விட்டுவிட்ட படமாகும்.

கேமராவைத் திறந்ததும் மாணவரை எதிர்கொள்வது வெளிச்சம். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமராவின் தானியங்கி ஒளியளவு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயன்று ஒளியைக் குறைத்துவிடுவதால், உப்பு மங்குவதோடு, அதை வாரும் மனிதரின் முகமும் கறுத்து அடையாளம் இழந்துபோகிறது. தானியங்கியை நிறுத்தி, ஒளியை முகத்துக்கு அளந்து, பின்னணியில் உப்பு வெளுத்துப்போவதை ஏற்றுக்கொள்வது தொழில்நுட்ப முடிவாகத் தோன்றினாலும், அந்தப் படம் யாரைப் பற்றியது என்பதை முடிவு செய்வதும் அதுவே. கேமராவைத் திணறடிக்கும் அதே வெளிச்சத்தை ஆண்டில் எட்டு மாதங்கள் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதிரே நிற்கிறார்கள். அவர்களிடையே கண் எரிச்சலும் பார்வைக் குறைவும் பரவலாக உள்ளன. நுண்ணுயிர்களால் சிவந்த நீரும் கட்டம் கட்டமான பாத்திகளும் வானிலிருந்து பார்க்க மிக அழகானவை என்பதால் டிரோன் காட்சிகளின் மீது மாணவருக்கு ஆசை எழுவது இயல்புதான். அப்படிப்பட்ட காட்சி ஒன்று போதும். உயரத்திலிருந்து பார்த்தால் காலில் உப்புநீர் அரித்த புண் தெரியாது.

உப்பு வாருதல் வெயிலுக்கு முன்பே, பல அளங்களில் பொழுது விடியுமுன்பே, தொடங்கிவிடுகிறது. நீண்ட கழியின் முனையில் பலகை பொருத்திய வாருபலகையால் பாத்தியில் உறைந்த உப்பை உடைத்து வரப்போரம் இழுக்கும்போது எழும் ‘கரகர’ என்னும் ஓசையை, கடற்காற்றின் இரைச்சல் விழுங்கிவிடாமல், ஒலிவாங்கிக்கு உறை போட்டு அருகிலிருந்து பதிவு செய்ய வேண்டும். பெண்கள் அந்த உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ‘அம்பாரம்’ எனப்படும் குவியலில் கொட்டுகிறார்கள். ஒரு சுமை எடுத்து, நடந்து, கொட்டி, திரும்பும் முழு நடையையும் வெட்டாமல் ஒரே காட்சியாக வைத்தால், பின்னணிக் குரல் விளக்கும் எதையும் விடக் கூடுதலாகப் பார்வையாளருக்குப் புரியும்.

இத்தகைய பொறுமைக்கு முன்மாதிரியாக ஃபரிதா பாச்சா இயக்கிய ‘மை நேம் இஸ் சால்ட்’ (2013) என்ற படத்தைச் சொல்லலாம். குஜராத்தின் சிறிய ரண் பாலைவெளியில் ஆண்டுதோறும் எட்டு மாதங்கள் தங்கி உப்பு விளைவிக்கும் அகரியா சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை, அப்படம் பின்னணிக் குரல் ஏதுமின்றி, பருவம் தொடங்குவது முதல் முடிவது வரை உடனிருந்து பார்க்கிறது. எழுத்தில் இதற்கு ஒப்பானதைத் தமிழ் முன்பே கண்டிருக்கிறது; ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரில் தகவல் திரட்டி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை, கேமராவைத் தூக்குமுன் மாணவர் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

நேர்காணல் கடைசியில் வரட்டும். மேற்பார்வையாளர் காதுபட நிற்கும் இடத்தில் கூலியைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில் பொய்யாக இருக்கக்கூடும். உண்மையாக இருந்தால் சொன்னவரின் மறுநாள் வேலைக்கு ஆபத்து வரக்கூடும். படக்குழு மாலையில் ஊர் திரும்பிவிடும், அவர் மறுநாளும் அதே அளத்துக்குத்தான் போக வேண்டும் என்பதை மறந்து எடுக்கப்படும் படம், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டாலும், தவறான படமே. வீட்டுத் திண்ணையில், ஒப்புதல் பெற்று, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவதாக உறுதி கொடுத்துப் பேசுவதே முறை.

சுற்றுச்சூழல் என்ற சொல்லும் இங்கே கூலிக் கணக்கின் வழியாகவே பொருள்படுகிறது. நிழலே இல்லாத வெளியில் வெப்பம் கூடினால் நீர் விரைந்து வற்றும் என்பது உற்பத்தியாளருக்கு நன்மையாகலாம். ஆனால் கழிப்பறை இல்லாத அளத்தில், சிறுநீர் கழிக்க இடமின்றித் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்ணின் சிறுநீரகத்தை அந்த வெப்பம்தான் தாக்குகிறது. பருவம் தவறிய ஒரு மழை, பல நாள் உழைப்பில் 25 டிகிரியை எட்டிய நீரைச் சில மணி நேரத்தில் நீர்த்துப்போகச் செய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானபோது, மாவட்டத்தின் உப்பளங்கள் நீரில் மூழ்கின. சேர்த்து வைத்திருந்த அம்பாரங்களும் கரைந்துபோயின.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளத்தில் வேலை இல்லை. அம்மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. மூன்று மாதச் செலவுக்கு அது போதாது. படத்தை முடிக்கும் மாணவர்கள் அதைத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்புமுன், அந்த மழைமாதங்களில் ஒரு மாலை, முள்ளக்காட்டிலோ ஆறுமுகநேரியிலோ ஒரு திரையைக் கட்டி, படத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்க வேண்டும்.