இரண்டு சட்டத்து யந்திரம்

சென்ற மாசியில், என்னிடமிருந்த பன்னிரண்டு தேன் பெட்டிகளுக்கு ஒரு தேனெடுக்கும் யந்திரம் வாங்குவதென்று நிச்சயித்தபோது, அரை நாளில் கடைக்குப் போய் முடித்துவிடக்கூடிய காரியம் என்றே எண்ணியிருந்தேன். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் துளிர் விட்டு, பூவில் அல்லாமல் இலைக்காம்பின் நுனியிலேயே தேன் சுரக்கிற அந்தப் பருவத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவர் எவருக்கும் ஓய்வென்பது கிடையாது. யந்திரம் வாங்கும்வரை காத்திருக்கத் தேனீக்களுக்கு அவகாசம் இல்லையாதலால், தெரிந்தவர் ஒருவரிடம் இரவலாக ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தேன்.

அது இத்தாலியத் தேனீ வளர்க்கிறவர்களுக்கென்று செய்யப்பட்ட பெரிய பீப்பாய். அதன் கம்பிவலைக் கூண்டு, தேனடை கட்டிய ஒரு முழ நீள மரச் சட்டத்துக்கு அளவெடுத்தது. ஒரு சாணுக்கும் சற்றுக் குறைந்த என் மேலறைச் சட்டமோ, பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையைப்போல் அதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. வெந்நீரில் நனைத்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவிவிட்டு, கைப்பிடியை நாலைந்து சுற்று வேகமாகச் சுற்றினேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம். நிறுத்திப் பார்த்தால், அடை சட்டத்தை விட்டுப் பிய்ந்து, மெழுகும் தேனும் பிசைந்த களியாக வலையில் அப்பிக் கிடந்தது. ஐம்பது வருஷமாகப் பெட்டி பார்த்துவரும் அயல்வீட்டுப் பாட்டா, எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஈக்குள்ள மெஷின் இல்ல, மக்கா” என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் இது எந்த ஈக்கு, எவர் செய்த யந்திரம்? அன்றிரவு எழுந்த இந்தக் கேள்விதான், கடைக்குப் போக வேண்டியவனைப் பழைய புத்தகங்களுக்குள் இழுத்துச் சென்றது.

யந்திரத்தைச் செய்தவர் ஒரு பட்டாளத்துக்காரர் என்று அறிந்தபோது எனக்குச் சிறிது வியப்பாகவே இருந்தது. ஃபிரான்ஸ் ஃபொன் ஹ்ருஷ்கா என்ற அந்த ஆஸ்திரிய மேஜர், வெனிஸ் நகரத்துக்கு அருகிலுள்ள டோலோ என்ற ஊரில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்தவர். 1865-ஆம் ஆண்டு, புருன் நகரத்தில் கூடிய தேனீ வளர்ப்போர் மாநாட்டில் தம் கருவியை முதன்முதலாகச் சபையறியக் காட்டினார். (அதே ஆண்டின் தொடக்கத்தில் அதே புருன் நகரத்தில்தான், கிரிகோர் மெண்டல் என்ற மடாலயத் துறவி தம் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை வாசித்தார், அவரும் பிற்காலத்தில் தேனீ வளர்த்தவரே. இரண்டுக்கும் சம்பந்தம் ஏதுமில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) ஹ்ருஷ்காவின் மகன், கூடையில் வைத்துக் கொடுத்த அடைத் துண்டை விளையாட்டாகத் தலையைச் சுற்றிச் சுழற்றியதாகவும், அடையிலிருந்து தேன் தெறித்ததைத் தகப்பனார் கவனித்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. இத்தகைய கதைகளை நான் எளிதில் நம்புகிறவன் அல்லன். கவணில் கல்லைச் சுழற்றித் தினைப்புனம் காத்தவர்களும், நனைந்த வேட்டியை உதறிக் காயப்போடுகிறவர்களும் அறிந்த தத்துவத்தைக் கண்டுகொள்ள ஒரு மேஜருக்குப் பிள்ளை விளையாட்டு அவசியந்தானா என்று தோன்றுகிறது.

உண்மையில், அந்தப் பையன் சுழற்றியிருந்தாலும், பதினைந்து வருஷங்களுக்கு முன்பாயின் அதனால் பிரயோஜனம் ஒன்றும் விளைந்திராது. கூட்டின் சுவரோடு ஒட்டிக் கட்டிய அடையை அறுத்தெடுத்துப் பிழிவதைத் தவிர வேறு வழியில்லாத காலம் அது; பிழிந்தால் தேனோடு புழுவும் மகரந்தமும் கலக்கும், அடையும் நாசமாகும். 1851-இல், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், ஏறத்தாழ எட்டில் மூன்று அங்குல இடைவெளி விட்டால், தேனீக்கள் அதைப் பிசின் வைத்து அடைக்காமலும் அடை கட்டி நிரப்பாமலும் தாங்கள் நடமாடும் வழியாக விட்டுவிடுகின்றன என்று கண்டு, அந்த இடைவெளியோடு தொங்கும் மரச் சட்டங்களை அமைத்தார். சட்டத்தை உருவலாம், திரும்பச் செருகலாம் என்று ஆன பிறகுதான், அடையைச் சிதைக்காமல் தேனை மட்டும் எடுக்கும் ஒரு யந்திரத்துக்கு அர்த்தம் உண்டாயிற்று. ஒரு கிலோ மெழுகு சுரப்பதற்குத் தேனீக்கள் ஆறேழு கிலோ தேனையாவது செலவிடுகின்றன என்பர். அடையைத் திருப்பிக் கொடுப்பதன் லாபம் அதிலிருந்தே விளங்கும். ஆகவே நான் தேடிப்போன யந்திரத்தின் பிதா ஹ்ருஷ்காவானாலும், அதன் தாய் அந்தச் சட்டம் என்பதே என் அபிப்பிராயம்.

அந்தச் சட்டமோ மேல்நாட்டுத் தேனீயின் உருவத்துக்கு அமைந்தது. நம் இந்தியத் தேனீ உடலிலும் சிறியது, குடும்பத்திலும் சிறியது. அதற்கென்று சிறிய பெட்டியையும் சட்டத்தையும் வகுத்தவர், 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளியில் தேனீக்களோடு பழகிய நியூட்டன் பாதிரியார். எங்கள் பக்கத்தில் அது பரவக் காரணமாயிருந்தது, 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மூலம் நடத்திய கிராம சேவை. பாட்டாவின் தகப்பனார் கையில் முதற்பெட்டி வந்ததும் அந்த வழியில்தானாம். முழச் சட்டத்தின் கூண்டில் சாண் சட்டம் சரிந்து விழுந்த காரணம் இவ்வளவு தூரம் சுற்றி வந்த பிறகே எனக்குத் தெளிந்தது.

அதன் பிறகு கடையில் எனக்குச் சந்தேகம் அதிகம் இல்லை. சட்டங்கள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்களைப்போல் நிற்க, இரு பக்கத்துத் தேனும் ஒருங்கே தெறிக்கும் மோட்டார் யந்திரத்தைக் கடைக்காரர் புகழ்ந்தார். அது அகன்ற பீப்பாயும் நூற்றுக்கணக்கான சட்டங்களும் உள்ளவர்களுக்கு ஏற்றது. நாகமுலாம் பூசிய தகரம் விலை மலிவுதான். ஆனால் தேனின் புளிப்பு அந்த முலாமைக் கரைக்கும். என் சட்டத்தை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை ஒவ்வொரு கூண்டிலும் வைத்துப் பார்த்து, ஆடாமல் நின்ற, துருப்பிடிக்காத எஃகில் செய்த, இரண்டு சட்டம் கொள்ளும் கைச்சுற்று யந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பாட்டாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “பைய சுத்து. மொதல்ல பாதி, பொறவு திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் முழுக்க, கடைசியா இந்தப் பக்கம் மிச்சம்” என்றார். கூண்டில் அடையின் ஒரு முகம் மட்டுமே வெளிப்புறம் நோக்குவதால், உட்புறத்துத் தேனின் பாரம் முழுவதும் அடையின் நடுச்சுவரை அழுத்தும். முதலிலேயே வேகம் கொடுத்தால் அடை பிளந்துவிடும். மெல்லச் சுற்றினேன். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோன்ற சத்தம் பீப்பாயின் சுவரில் கேட்டது. சுற்றிக்கொண்டே மேஜரின் விருத்தாந்தத்தையும், கூடையைச் சுழற்றிய பையனையும் பாட்டாவுக்குச் சொன்னேன்.

அவர் குழாயின் கீழே வடிகட்டித் துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டிருந்துவிட்டு, “பட்டாளத்துக்காரன்லா? தேனச் சிந்துனதுக்கு அந்தப் பயலுக்கு மொதல்ல ரெண்டு அடி விழுந்திருக்கும்” என்றார். பிறகு, “போதும், திருப்பு” என்றார்.