அளவுநூலில் இல்லாத முகம்

சாமி சிலைக்கு அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம். அந்த முகத்தை மூன்று சம பாகமாக்கி நெற்றி, மூக்கு, மூக்கடியிலிருந்து மோவாய் என்று கோடு போட்டுவிட்டால் உளி தானே நடக்கும். சின்னசேலத்துப் பட்டறைகளில் அம்மனும் பெருமாளும் அப்படித்தான் உருவாகிறார்கள். மனித முகத்துக்கு அந்த ஆதரவு கிடையாது. அதிலும் பழைய அச்சுப்படத்தைப் பார்த்து மரத்தில் முகம் எடுப்பது தனி வேலை.

அமெரிக்க அடிமைமுறையை எதிர்த்து 1852-ல் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலை வெளியிட்ட ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் படம் ஒன்று எனக்கு ஆர்டராக வந்தது. எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் நிழல் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் கோடுதான். கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். கன்னத்தில் மட்டும் கோடுகள் மெலிந்து புள்ளிகளாகிவிடுகின்றன. தகட்டைச் செதுக்கியவரின் பொறுமையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்தக் கோடுகளை அப்படியே மரத்தில் கீறினால் முகம் கெட்டுவிடும். மரத்தில் நிழலைப் போடுவது உளி இல்லை, ஜன்னல் வெளிச்சம். நாம் பள்ளமும் மேடும் மட்டுமே வைக்கிறோம். ஆகவே படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முதலில் பார்த்து, அதே பக்கத்திலிருந்து பலகைக்கும் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டேன். கோடு அடர்ந்த இடமெல்லாம் ஆழம் என்றும் எடுத்துவிடக் கூடாது. கூந்தல் கறுப்பாக இருக்கிறது. ஆனால் அது நெற்றியைவிட மேடு.

வாகைப் பலகையில் ரேகை ஓடும். அது கன்னத்தின் குறுக்கே வந்தால் தழும்பு போலத் தெரியும். நெற்றியிலிருந்து கீழே இறங்கும் ரேகையுள்ள பலகையாகத் தேடி எடுத்தேன். கடைசியாக வைத்தது மேல் இமையின் விளிம்பு. அங்கே உளி ஒரு நூல் தவறினாலும் பார்வை போய்விடும். உப்புத்தாளை இமையருகே கொண்டுபோகவே கூடாது. உளி விட்ட கூர்மைதான் பார்வை.

கடலுக்கு அப்பால் யாரோ ஒரு அம்மாள் என்று ஸ்டோவை நான் நினைக்கவில்லை. அவர் எழுதிய அடிமைத்தனம் இங்கேயும் இருந்தது. நம் கல்வராயன் மலையிலேயே மலையை ஆண்ட ஜாகிர்தார்களுக்குப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976-ல் அரசு மலையை எடுத்துக்கொண்ட பிறகுதான் அது ஒழிந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

தமிழில் ஸ்டோவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் தோன்றும் முகம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். பெண்களைக் கோயிலுக்குத் தாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் கொடுமையை உள்ளிருந்து கண்டவர். 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். 1947-ல் அந்த வழக்கத்தைத் தடை செய்து சட்டம் வந்தது. அவருக்கு இருப்பது புகைப்படங்கள். வயதான முகம், சுருக்கங்கள். ஒவ்வொரு சுருக்கமும் ஆழமில்லாத, ஆனால் தெளிவான வெட்டு கேட்கும். சாமி முகத்தில் பழகிய கை எதையும் வழவழப்பாக்கப் பார்க்கும். அந்தக் கையை அடக்கத்தான் வேண்டும்.

2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகும் எங்களிடம் வருபவர்கள் பிள்ளையாரையும் கஜலட்சுமியையும்தான் கேட்கிறார்கள், சந்தோஷமாகவே செய்கிறோம். பள்ளிக்கூடம், நூலகம் நடத்துபவர்கள் ராமாமிர்தம் அம்மையாரின் முகத்தையும் ஒருமுறை கேளுங்கள். செய்து தர இங்கே கைகள் இருக்கின்றன.