கார்புரேட்டர் ஒழுகுதுங்களா?

பழைய காரில் பெட்ரோல் கசிந்தால் உடனே ஸ்க்ரூவை இறுக்குவார்கள். வேண்டாங்க. அதிகம் இறுக்கினால் கார்புரேட்டரின் மேல்மூடி வளைந்துவிடும். அப்புறம் கேஸ்கட் மாற்றினாலும் கசியும்.

எங்கள் பிரீமியர் பத்மினியில் கோளாறு பித்தளை ஃப்ளோட்டில் இருந்தது. கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். உள்ளிருக்கும் பெட்ரோலைச் சுத்தமாக வெளியேற்றாமல் சூடு காட்டவே கூடாது. ஈயப்பற்றும் ஒரு பொட்டுதான். கூடினால் ஃப்ளோட் கனத்து, நீடில் வால்வு நேரத்துக்கு மூடாது; மறுபடியும் வழியும்.

நீடில் உட்காரும் சீட் தேய்ந்திருந்தால்? கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைக்காரர்கள் பழையதைப் பார்த்தே புதுசு கடைந்து தந்துவிடுகிறார்கள். இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருப்பதே ஒரு பாக்கியம்.

இன்னொன்று முக்கியம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் அதைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல. ஊறி, உப்பி, வெடிக்கும். பல பழைய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் போகிறது. அதன்மேல் சொட்டினால் தீதான்.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, இந்த வாரமே பானெட்டைத் திறந்து பாருங்கள். ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். கசிவு நிற்கும்வரை வண்டியைக் கிளப்பாதீங்க.