கட்டுச்சோறும் கேளிக்கைப் பூங்காவும்

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றாலே ஊருக்குப் போகும் ரயில்தான் நினைவுக்கு வரும். திருநெல்வேலிக்கோ, நாகர்கோவிலுக்கோ, சேலத்துக்கோ ஒருமுறை போய்த் திரும்பினால் அந்த ஆண்டின் சேமிப்பு கரைந்துவிடுகிறது. ஊருக்குப் போக இயலாத ஆண்டில் பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்று: "ஒருநாளாவது எங்களைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்." தாராவியில் தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் உழைக்கிறவரானாலும், செம்பூரிலிருந்து அலுவலகத்துக்குப் போகிறவரானாலும், பிள்ளைகளின் இந்த வேண்டுதலைத் தட்ட மனம் வருவதில்லை. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து நுழைவுச் சீட்டுக்குப் பணம் எடுத்து வைக்கிறோம்.

ஆனால், அந்த நாளின் மகிழ்ச்சியைக் குலைப்பது பெரும்பாலும் நுழைவுச் சீட்டின் விலை அல்ல; மதியம் ஒரு மணிக்கு வரும் பசிதான். உணவுக்கூடத்தின் விலைப்பலகைக்கு முன்னால் தகப்பன் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். மூத்த பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்கிறது. தாய், "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்தவளுக்குப் பசியில்லாமல் இருக்குமா? வீட்டார் எல்லாரும் மகிழவேண்டும் என்று ஆசையாய்ப் போன இடத்தில் ஒருவர் பட்டினி கிடக்கலாமா? கொஞ்சம் முன்யோசனையோடு புறப்பட்டால் இந்த நிலையைத் தவிர்க்கலாம். நன்றாகவும் உண்ணலாம், பணமும் மிச்சமாகும். அதற்கு வேண்டிய வசதிகளை நம் மும்பையே தருகிறது.

எங்கே போகிறோம்?

மும்பைப் பிள்ளைகளுக்குக் கேளிக்கைப் பூங்கா என்ற ஆசையை மூட்டியது கோராயில் 1989-ல் திறக்கப்பட்ட எஸ்ஸெல் வேர்ல்டு. அதன் தொலைக்காட்சி விளம்பரப் பாட்டை அறியாத வீடு அந்நாளில் இல்லை. அந்த இராட்டினங்கள் இப்போது ஓடுவதில்லை. அதன் அருகே 1998-ல் தொடங்கிய வாட்டர் கிங்டம் என்னும் நீர்விளையாட்டுப் பூங்காவுக்கே இன்று குடும்பங்கள் போகின்றன. மற்றொன்று, ராய்கட் மாவட்டத்தில் கோப்போலி அருகே 2013-ல் திறக்கப்பட்ட இமேஜிக்கா. முதலாவது கடற்கழிக்கு அக்கரையில் இருக்கிறது. இரண்டாவது மலையடிவாரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒருநாளில் போய்த் திரும்பிவிடலாம்.

உள்ளே ஏன் இத்தனை விலை?

இத்தகைய பூங்காக்களில் பொதுவாக வெளி உணவுக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே பையைச் சோதிப்பார்கள். தூய்மைக்காக என்பது ஒரு காரணம். ஆனால் வருமானமும் ஒரு காரணமே. பல ஏக்கர் நிலம், மின்சாரம், தண்ணீர், இயந்திரப் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் நுழைவுச் சீட்டின் பணமே தாங்குவதில்லை. உணவு விற்பனையும் சேர்ந்துதான் பூங்காவை நடத்துகிறது. உள்ளே வந்தவர் பசித்தால் வேறு கடைக்குப் போக வழியில்லை. ஒருமுறை வெளியேறினால் அதே சீட்டில் மீண்டும் நுழைவதும் பல இடங்களில் இயலாது.

உலகமெங்கும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் குடும்பத்தார் தங்கள் உணவைக் கட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. டோக்கியோ டிஸ்னிலாந்தில் கட்டுச்சோற்றை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனால் வாசலுக்கு வெளியே அமர்ந்து உண்ண ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில், திரையரங்குகளைப் பற்றிய ஒரு வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. வெளி உணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாய்த் தரவேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் உணவு கொண்டுவருவதைத் தடுக்கக்கூடாது என்பதே அதன் சாரம். அது திரையரங்குகளுக்கான தீர்ப்பு. எனினும் பூங்காவிலும் குடிநீர் எங்கே இருக்கிறது என்றும், குழந்தை உணவையும் நோயாளிக்கான உணவையும் அனுமதிப்பார்களா என்றும் முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு அறிந்துகொள்வது நலம்.

மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தண்ணீர்ப் புட்டிக்குத் தெருக்கடையில் ஒரு விலையும் பூங்காவில் வேறொரு விலையும் அச்சிட்டு விற்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரே பொருளுக்கு இரண்டு அதிகபட்ச விலை அச்சிடுவதைத் தடுக்கிறது. மேசையில் அமரவைத்துப் பரிமாறும் உணவகங்கள் இதில் சேரமாட்டா. அங்கே தண்ணீருக்குக் கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சாதாரணக் கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், ரசீது வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் செய்யலாம்.

புறப்படும் முன்னே

நாம் முதலில் செய்யவேண்டியது, வயிற்றை நிரப்பிக்கொண்டு புறப்படுவது. தாராவியில் விடியும் முன்னே ஆவி பறக்கும் இட்லிக்குப் பஞ்சமில்லை. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் வந்து குடியேறிய அந்தச் சந்துகளில், இன்று வீடு வீடாய் மாவரைத்து இட்லி அவிக்கிறார்கள். அவற்றைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் மும்பையின் தெருக்களில் விற்கிறார்கள். அந்த இட்லியை நாமும் வாங்கலாம், அல்லது வீட்டிலேயே அவிக்கலாம்.

மாட்டுங்கா வழியாய்ப் போகிறவர்களுக்கு வேறு வாய்ப்பும் உண்டு. நிலையத்தின் அருகே 1939-ல் தொடங்கிய ராம் ஆசிரயா அதிகாலையிலேயே திறந்துவிடுகிறது. உப்புமாவும் பொங்கலும் காப்பியும் முடித்துக்கொண்டு முதல் ரயில்களிலேயே ஏறிவிடலாம். வாரநாளில் போனால் பல பூங்காக்களில் சீட்டின் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு.

கட்டிக்கொண்டு போகும் உணவில் கவனம் வேண்டும். மும்பை வெயிலில் முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. அடுத்து உருளைக்கிழங்கு மசாலா. இட்லியின் இருபுறமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி எடுத்துச்சென்றால் கெடாமல் இருக்கும். புளியோதரைக்குப் புளிப்பும் எண்ணெயுமே காவல். தயிர்ச்சோறு புளித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், பாலை மிகுதியாய் ஊற்றிக் கொஞ்சமே தயிர் சேர்த்துப் பிசையட்டும். எதுவானாலும் முற்பகலுக்குள் உண்டுவிட வேண்டும். மாலைவரை வைத்திருக்கக் கூடாது. முந்தின இரவே உறையவைத்த தண்ணீர்ப் புட்டி ஒன்றை உணவுப் பையில் வைத்தால், உணவும் குளிர்ச்சியாய் இருக்கும், பிறகு அது குடிநீருமாகும்.

வழியும் வாசலும்

வாட்டர் கிங்டமுக்குப் போகிறவர்கள், தாராவியிலிருந்தானால் மாஹிம் நிலையத்தில் ஏறி மலாடில் இறங்கி, பெஸ்ட் பேருந்தில் மார்வேக்குப் போய், அங்கே படகேறிக் கழியைக் கடக்கலாம். செம்பூரிலிருந்து வருகிறவர்கள் குர்லாவில் மாறித் தாதர் வந்து மேற்கு ரயிலைப் பிடிக்கவேண்டும். இமேஜிக்காவுக்கானால் தாதரிலோ குர்லாவிலோ கோப்போலி ரயிலில் ஏறலாம். அந்த ரயில்கள் குறைவாதலால், மற்ற நேரங்களில் கர்ஜத்தில் இறங்கி மாறவேண்டும். கோப்போலியிலிருந்து ஆட்டோவில் போகலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரயிலில் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்குப் பாதிக் கட்டணம். பூங்காக்களில் அப்படியல்ல. பல இடங்களில் வயதை விட்டு உயரத்தை அளந்தே சீட்டுக் கொடுக்கிறார்கள். ஆகவே வீட்டுச் சுவரிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கட்டுச்சோற்றை வாசலுக்கு வெளியே, முற்பகல் பத்து மணியளவில் நிழல் பார்த்து அமர்ந்து உண்டுவிடுங்கள். காலையில் ஆறு மணிக்கு உண்ட இட்லி அதற்குள் செரித்திருக்கும். ஆனால் வயிறுமுட்ட வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் உண்டவுடன் இராட்டினத்தில் சுற்றினால் வாந்தி வரும். அலைக்குளத்திலும் அதே கதிதான். உண்டபின் அரைமணி நேரம் சீட்டு வாங்குவதிலும் உடை மாற்றுவதிலும் கழியட்டும். நீர்விளையாட்டுப் பூங்காவில் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. நைலான் உடையை முன்னதாகவே சந்தையில் வாங்கிக்கொண்டால், அங்கே வாடகை கொடுக்கவேண்டியதில்லை.

உள்ளே ஒருவேளை

உள்ளே ஒன்றும் வாங்கித் தரமாட்டேன் என்று கண்டிப்பாய் இருப்பது சிக்கனமாகாது. மற்ற பிள்ளைகள் தின்பதைப் பார்த்து ஏங்கி நிற்கும் பிள்ளைக்கு அந்த ஏக்கமே அந்நாளின் நினைவாய் நின்றுவிடும். ஆகவே உள்ளே ஒருவேளை உண்பதற்கென்று ஒரு தொகையை வீட்டிலேயே தனியாய் எடுத்துவைத்து, இவ்வளவுதான் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். எதை வாங்குவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். தங்கள் கையில் கொடுத்த பணத்தைப் பிள்ளைகள் நம்மைவிடக் கருத்தாய்ச் செலவிடுவார்கள்.

ஒரு மணிக்கு எல்லாரும் உணவுக்கூடத்தில் நிற்பார்கள். இராட்டினங்களில் வரிசை குறையும். அப்போது விளையாடிவிட்டு இரண்டரை மணிக்குமேல் உண்ணப் போங்கள். முற்பகலில் உண்ட கட்டுச்சோறு அதுவரை தாங்கும். உணவோடு சேர்ந்த சீட்டு மலிவாய்த் தோன்றினாலும், அதில் என்னென்ன தருகிறார்கள், நம் பிள்ளை அவ்வளவையும் தின்னுமா என்று பார்த்தே வாங்குங்கள். சில இடங்களில் பணத்தை முன்னதாகவே அட்டையிலோ கைப்பட்டையிலோ ஏற்றச்சொல்வார்கள். மிச்சத்தைத் திரும்பப் பெறும் நேரத்தையும் இடத்தையும் அப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பெற்றோர், இரண்டு பிள்ளைகள், பாட்டி என ஐந்து பேர். உள்ளே மதிய உணவு ஒருவருக்கு 300 ரூபாய், மாலைச் சிற்றுண்டி 100 ரூபாய், குளிர்பானம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 2,500 ரூபாய். கட்டுச்சோற்றுக்கு 200 ரூபாய், உள்ளே மூன்று தட்டு வாங்கி ஐவரும் பகிர்ந்துண்ண 900 ரூபாய், வெளியே வந்தபின் தேநீரும் வடா பாவும் 200 ரூபாய் என்றால், மொத்தம் 1,300 ரூபாய். மிச்சம் 1,200 ரூபாய். யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மாலையும் திரும்புதலும்

பூங்காவைவிட்டு வெளியே வந்தவுடன் மும்பை மீண்டும் நம்முடைய ஊராகிவிடுகிறது. கோப்போலி வழியில் வருகிறவர்களுக்குக் கர்ஜத் நிலையத்தின் திவாட்கர் வடை பேர்பெற்றது. 1966-ல் தாதர் நிலையத்தின் அருகே அசோக் வைத்யா என்பவர் விற்கத் தொடங்கிய வடா பாவ், ஆலைத் தொழிலாளர்கள் நின்றபடியே பசியாறும்படி எழுந்த உணவு. உழைக்கிறவர்களின் பணப்பையை அறிந்த நகரம் இது.

மேற்கு ரயிலில் திரும்புகிறவர்கள் மாட்டுங்கா ரோட்டில் இறங்கி, பாலத்தைக் கடந்து கிழக்கே நடந்தால், மாட்டுங்கா நிலையத்தின் அருகே மாடியில், ராம நாயக் 1942-ல் தொடங்கிய உடுப்பி உணவகம் இருக்கிறது. வேலைதேடி வந்து தனியாய் வாழ்ந்த தென்னிந்தியர்களுக்கு வீட்டுச்சோறு போட்டு வளர்ந்த உணவகங்களுள் அதுவும் ஒன்று. 1937-ல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோமும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. விடுமுறை நாளையும் திறக்கும் நேரத்தையும் முன்னதாய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்குழம்பு வேண்டும் என்கிறவர்களுக்குத் தாராவியின் நம்மூர் மெஸ்கள் இருக்கவே இருக்கின்றன.

பகலில் மிச்சமான பணத்தில் இரவு ஐவரும் ஒரே வரிசையில் அமர்ந்து இலைபோட்டு உண்ணலாம். நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பரிமாறிய தாய்க்கு அன்றிரவு வேறொருவர் பரிமாறட்டும். சோறும் சாம்பாரும் ரசமும் கூட்டும் அவள் இலைக்கும் சூடாய் வரட்டும். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டவேண்டிய அவசியமும் இல்லை. நனைந்த உடைகளை உலர்த்திவிட்டு எல்லாரும் நிம்மதியாய் உறங்கலாம்.