இல்லாத ஊர்களின் பெயர்கள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை இப்பொழுதுதான் எழுதத் துணிகிறோம். வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது கூமாப்பட்டி. அவ்வூர் இளைஞன் ஒருவனுக்குப் பெண் கேட்க அவன் பெற்றோருடன் நாமும் வெளியூர் சென்றிருந்தோம். பெண் வீட்டுப் பெரியவர் எந்த ஊர் என்று வினவினார், சொன்னோம். "கூமாப்பட்டியா? இப்படியும் ஓர் ஊரா?" என்று இருமுறை உச்சரித்துப் பார்த்துச் சிரித்தார். கூடியிருந்தோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சபையின் இணக்கம் கெடலாகாதே என்ற எண்ணந்தான், ஆயினும் சிரித்தோம். இளைஞன் தன் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் பேருந்தில் வெகுநேரம் அவன் வாய் திறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கியபோது, "சாமியும் சிரிச்சீங்களே" என்றான். விடை கூற நம்மிடம் ஒன்றுமில்லை. பேச்சை மாற்றக் கருதி, அவன் பையில் தெரிந்த சித்திரக்கதைப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டோம். சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டையும் சிறுவயது முதல் விடாமல் படிப்பவனாம். அக்கதைகளின் குதிரைவீரர்களைக் கொண்டே ஒரு தமிழ்ப்படம் வந்திருக்கிறது என்றான். சிம்புதேவன் இயக்கி 2010-இல் வெளிவந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' அது.

அப்படத்தில் வரும் ஊர்களின் பெயர்களை அவன் விளக்கியபோது நாம் வியப்புற்றோம். ஓர் ஊர் ஜெய்சங்கர்புரம். அக்காலத்துத் தமிழ்ப்படங்களில் தொப்பியணிந்து குதிரையேறிய நடிகருக்கு எடுத்த கோயில் என்றே சொல்லலாம். மற்றோர் ஊர் ஷோலேபுரம். 1975-ஆம் ஆண்டின் இந்திப்படம் அதனுள் ஒளிந்திருக்கிறது. வல்லடி செய்யும் கொடுங்கோலனின் ஊரோ உசாபுரம். "அந்த மூணு எழுத்தையும் இங்கிலீசில எழுதிப் பாருங்க சாமி" என்றான். எழுதிப் பார்த்தோம், அமெரிக்க ஐக்கிய நாடுகள்! அக்கொடுங்கோலனின் பெயர் கிழக்குக்கட்டை. இதற்கு நமக்கு நெடுநேரம் பிடித்தது. கிழக்கு, கட்டை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஆங்கிலமாக்கினால் ஈஸ்ட்வுட் என்னும் புகழ்பெற்ற ஹாலிவுட் நடிகர் வந்து நிற்கிறார்.

வீரமாமுனிவர் செய்ததும் இதுவன்றோ? சூசையப்பரின் எபிரேயப் பெயருக்குப் 'பெருகச் செய்வார்' என்பது பொருளாதலின், தேம்பாவணியில் அவரை 'வளன்' ஆக்கினார். அருளப்பரைக் 'கருணையன்' ஆக்கினார். வளனையும் கிழக்குக்கட்டையையும் ஒரே பத்தியில் வைத்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள்க. ஒன்று பக்தி, மற்றது பகடி. எனினும் பெயரை உடைத்துப் பொருளை எடுக்கும் கைத்திறன் ஒன்றே.

"அந்த ஊர்ப் பேருக்கு எல்லாம் தியேட்டரே சிரிச்சது. யாருக்கும் வலிக்கலை. அங்கே யாரும் பொறக்கலையே சாமி" என்று முடித்தான்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. நம் அலமாரியிலிருந்த புனித தாமஸ் மூரின் நூலை எடுத்துப் புரட்டினோம். 1516-இல் இலத்தீனில் வெளிவந்த அந்நூலின் கற்பனைத் தீவாகிய யுட்டோப்பியாவைப் பல பிரசங்கங்களில் எடுத்துக்காட்டி, "அத்தகைய சமுதாயத்தைப் படைப்போம்" என்று முழங்கியிருக்கிறோம். கிரேக்கத்தில் அப்பெயரின் பொருள் 'எங்குமில்லாத இடம்'. 'நல்ல இடம்' என்பதும் ஏறக்குறைய அதே ஓசையுடையது. தமிழில் 'இல்லூர்' எனலாம். இல் என்றால் வீடு, இல் என்றால் இல்லை. காளமேகம் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தலைநகரின் பெயர் மங்கலான ஊர் என்று பொருள்படும். ஆற்றின் பெயர் நீரற்றது. மன்னனின் பெயர் குடிகளற்றவன். இவற்றையெல்லாம் கண்டுவந்து கூறும் பயணியின் பெயரோ வீண்பேச்சு வல்லவன்! அந்த நீரற்ற ஆற்றின்மேல் அமைந்த பாலம் ஐந்நூறு தப்படியா, முந்நூறா என்று மூர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மிகுந்த கவலையோடு விசாரிக்கிறார். மறைநூல் வல்லார் ஒருவர் அத்தீவுக்கு ஆயராகச் செல்ல ஆவலுற்றிருக்கிறார் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். அந்த அப்பாவி யாரென்று தேட வேண்டியதில்லை. இத்தனை ஆண்டு பிரசங்கித்த நாமே அவர். குருமடத்தில் கிரேக்கம் கற்பித்தார்கள். பிற்பகல் வகுப்பாதலின் நாம் உறங்கிவிட்டோம்.

அரசனை எதிர்த்து மனச்சான்றுக்காக 1535-இல் தலை கொடுத்தவர், 1935-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர், இவ்வளவு குறும்பரா என்று எண்ணி எண்ணிச் சிரித்தோம். அவர் சிரிப்பு எவனுடைய தம்ளரையும் நோக்கித் தலைகுனிய வைக்கவில்லை. நீரற்ற ஆற்றங்கரையில் எவன் வீடும் இல்லை.

மறுநாள் கூமாப்பட்டிக்குச் சென்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க சாமி" என்று மட்டும் சொன்னான். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை; பின்னர் வேறோரிடத்தில் நாமே அவனுக்குத் திருமணம் நிறைவேற்றி வைத்தோம்.

2025-ஆம் ஆண்டின் நடுவில் என்ன நிகழ்ந்தது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அவ்வூரைத் தனித்தீவு என்று புகழ்ந்து "ஏங்க" என்றழைத்த கைப்பேசிக் காணொளிகள் தமிழகமெங்கும் பரவின. தீவைக் காணும் ஆவலில் கார்களில் மக்கள் திரண்டனர். பிளவக்கல் அணைக்குச் சென்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தாமஸ் மூர் விளையாட்டாக எழுதிய மறைநூல் வல்லாரைப் போல இத்தனை பேரா என்று நாம் மலைத்துப்போனோம்.

அந்நாள்களில் ஒரு மாலை அவனே தொலைபேசியில் அழைத்தான். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவன் தோப்பருகே காரை நிறுத்தி, "தீவு எங்கேங்க இருக்கு?" என்று கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்னாய், தம்பி?"

"'நீங்க நிக்கிறதுதான் கூமாப்பட்டி. தீவு இன்னும் வரலை'ன்னு சொல்லி, ஆளுக்கொரு இளநி வெட்டிக் கொடுத்தேன் சாமி" என்றான். இம்முறை அவனே முதலில் சிரித்தான். அதன் பிறகே நாம் சிரித்தோம்.